உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டியில் பெப்டைடு ஹார்மோன்: எந்தச் சோதனையை எப்போது தேர்ந்தெடுப்பது?

காதுக்கு முன்னால் உள்ள பரோட்டிட் என்ற உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து அறுத்தெடுத்த கட்டி, திசுவைப் பதப்படுத்தும் பார்மலின் ஜாடிக்குள் விழுந்த பிறகு, அதில் பெப்டைடு ஹார்மோன் (அமினோ அமிலச் சங்கிலியாலான ஹார்மோன்) இருக்கிறதா என்று தேடுவதற்கான வழிகளில் பாதி அடைபட்டுவிடுகிறது. திசுவை அரைத்து ஹார்மோனைப் பிரித்தெடுத்து அளக்க வேண்டுமானால் உறைய வைத்த புதுத் திசு வேண்டும். அறுவைக்கு முன்பு நோயாளியின் இரத்தத்தில் அந்த ஹார்மோன் எவ்வளவு இருந்தது என்பதை அறுவை முடிந்தபின் யாராலும் அளக்க முடியாது. ஆகவே எந்தச் சோதனை என்ற முடிவு, ஸ்லைடைப் பார்த்த பிறகு நோய்க்குறியியல் நிபுணர் தனியாக எடுக்கும் முடிவாக இருப்பதற்கில்லை. அறுவை மருத்துவரும் அகச்சுரப்பியியல் மருத்துவரும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் அது.

இந்தத் தேடலே தேவைப்படாத கட்டிகள்தான் மிகுதி. உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளில் அதிகம் காணப்படும் பிளியோமார்ஃபிக் அடினோமாவுக்கோ, புற்றுநோய்களில் முதலிடம் பெறும் மியூக்கோஎபிடெர்மாய்டு கார்சினோமாவுக்கோ எந்த ஹார்மோன் சோதனையும் சிகிச்சையை மாற்றப்போவதில்லை. அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமாவில் ஐயம் எழுந்தால்கூட, 2009-இல் கண்டறியப்பட்ட எம்ஒய்பி–என்எஃப்ஐபி மரபணு இணைவைத் தேடுவது பயன்தருமே ஒழிய, பெப்டைடுகளைத் தேடுவது பயன்தராது. கேள்வி உண்மையில் எழுவது மூன்று சூழல்களில்தான். முதலாவது, நுண்ணோக்கியில் சிறு நீலநிற உயிரணுக்களோ, கூடு கூடாக அடுக்கிய உயிரணுக்களோ தெரிந்து, நரம்பணு போலவும் ஹார்மோன் சுரக்கும் உயிரணு போலவும் இயங்கும் நியூரோஎண்டோகிரைன் கட்டியா என்ற ஐயம் வருவது. இரண்டாவது, கட்டி உமிழ்நீர்ச் சுரப்பியிலேயே தோன்றியதா, தைராய்டிலிருந்தோ நுரையீரலிலிருந்தோ தோலிலிருந்தோ பரவி வந்ததா என்று பிரிக்க வேண்டியிருப்பது. பரோட்டிட்டுக்குள்ளேயே நிணநீர்க் கணுக்கள் இருப்பதால் இது அடிக்கடி வரும் சங்கடம். மூன்றாவது, கட்டியோடு நோயாளிக்குக் குஷிங் நோய்க்குறி (கார்டிசால் மிகையால் வருவது), கால்சியம் மிகைப்பு, சோடியம் குறைவு போன்ற ஏதேனும் ஒன்று சேர்ந்திருப்பது. பரோட்டிட்டின் அசினிக் செல் கார்சினோமா, அட்ரினல் சுரப்பியைத் தூண்டும் ஏசிடிஎச் ஹார்மோனைச் சுரந்து குஷிங் நோய்க்குறியை உண்டாக்கியதாக அரிதான தனி நோயாளர் அறிக்கைகள் உண்டு. அரிது என்பதற்காக அதைக் கணக்கில் எடுக்காமல் விட முடியாது, ஏனெனில் அந்நோயாளியின் உயிருக்கு ஆபத்து கட்டியைவிட ஹார்மோனால் முந்தி வரக்கூடும்.

இந்த மூன்று சூழல்களும் கேட்பது மூன்று வெவ்வேறு கேள்விகளை. ஹார்மோன் எந்த உயிரணுவில் இருக்கிறது என்பது ஒன்று. அதை அந்த உயிரணுவே தயாரிக்கிறதா என்பது மற்றொன்று. அது இரத்தத்தில் கலந்து உடலில் வேலை செய்கிறதா என்பது இன்னொன்று. ஒரே சோதனை மூன்றுக்கும் விடை தராது. என் மதிப்பீட்டில், அன்றாட நோயறிதலில் இடத்தைக் காட்டும் சோதனைக்கே முதல் மரியாதை தர வேண்டும். அளவைச் சொல்லும் சோதனை, மேலே சொன்ன ஹார்மோன் நோய்க்குறி இருக்கும்போது மட்டும் அதற்குச் சமமான இடத்தைப் பெறுகிறது.

இடத்தைக் காட்டுவது இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி, ஆய்வகப் பேச்சில் ஐஎச்சி. ஆல்பர்ட் கூன்ஸ் 1941-இல், குறிப்பிட்ட மூலக்கூறைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியில் ஒளிரும் சாயத்தைப் பிணைத்துத் தொடங்கிவைத்த வழி, 1960-களில் பெராக்சிடேஸ் நொதிக்கு மாறி, 1991-இல் திசுவைச் சூடாக்கி ஆன்டிஜெனை (ஆன்டிபாடி பிடிக்கும் மூலக்கூறை) மீட்டெடுக்கும் உத்தி வந்த பிறகு, திசுவை மெழுகில் பதித்த பழைய பாரஃபின் பிளாக்குகளுக்கும் கைகொடுக்கும் சோதனையாகிவிட்டது. நான்கு மைக்ரான் தடிமனில் சீவிய திசு, ஓர் ஆன்டிபாடி, பெராக்சிடேஸ் பட்டால் பழுப்பு நிறம் தரும் டிஏபி, பின்னணிக்கு ஹீமடாக்சிலின் நீலம்: இவ்வளவுதான் தேவை. இன்ன உயிரணுவின் சைட்டோபிளாசத்தில் துகள்துகளாகப் பழுப்பு இருக்கிறது, பக்கத்து உயிரணுவில் இல்லை என்று கண்ணால் பார்த்துச் சொல்லலாம். வேறெந்தச் சோதனையிலும் இவ்வளவு குறைந்த ஏற்பாட்டில் இது கிடைப்பதில்லை.

ஆனால் உமிழ்நீர்ச் சுரப்பி இந்தச் சோதனைக்கு இணக்கமான திசு அல்ல, அதை விரிவாகச் சொல்லியாக வேண்டும். முதலில், சுரப்பியிலேயே இயல்பாகப் பெராக்சிடேஸ் இருக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடால் அதை அடக்காமல் விட்டால் ஆன்டிபாடி சேர்க்காத ஸ்லைடிலும் பழுப்பு நிறம் வரும். அடுத்தது பயோட்டின் என்ற வைட்டமின். வார்த்தின் கட்டியிலும் ஆன்கோசைட்டோமாவிலும் உயிரணுக்கள் மைட்டோகாண்ட்ரியாவால் நிரம்பியவை. மைட்டோகாண்ட்ரியாவில் பயோட்டின் நிறைய உண்டு. திசுவைச் சூடாக்கும்போது அது வெளிப்பட்டு, பயோட்டினை அவிடின் புரதம் இறுகப் பற்றுவதை நம்பும் அவிடின்–பயோட்டின் முறையில் நிறமூட்டினால் கட்டி முழுவதும் மென்மையான, மணல் தூவினாற்போன்ற பழுப்பு படர்ந்து, பார்ப்பவர் எந்தப் பெப்டைடைத் தேடினாரோ அதுவே கிடைத்துவிட்டதாக நம்ப வைக்கும். முதன்மை ஆன்டிபாடியை விட்டுவிட்டு மற்ற எல்லாப் படிகளையும் செய்த ஸ்லைடு ஒன்று பக்கத்தில் இருந்தால் இந்த மாயம் உடனே கலைந்துவிடும். பயோட்டினையே தவிர்க்கும் பாலிமர் முறை இருக்கும்போது, உமிழ்நீர்ச் சுரப்பிக்கு அவிடின்–பயோட்டின் முறையைத் தொடர்வதற்கு எனக்கு நியாயம் தெரியவில்லை. எண்பதுகளின் ஆய்வுகளில் பலவகை உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகள் பலவகைப் பெப்டைடுகளுக்கு நேர்மறை என்று எழுதப்பட்டிருப்பதைப் படிக்கும்போதும், எந்த முறையில் நிறமூட்டினார்கள், எந்தக் கன்ட்ரோல் (ஒப்பிட்டுச் சரிபார்க்கும் ஸ்லைடு) வைத்தார்கள் என்று முதலில் தேடிப்பார்ப்பதே நல்லது.

மூன்றாவது பொறி நரம்பு. உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வரும் பாராசிம்பதடிக் நரம்பிழைகளில் விஐபி என்ற 28 அமினோ அமிலப் பெப்டைடு இயல்பாகவே இருக்கிறது. உணர்வு நரம்புகளில் சப்ஸ்டன்ஸ் பி, சிஜிஆர்பி என்ற பெப்டைடுகள் உள்ளன. அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா நரம்பைச் சுற்றி ஊடுருவுவதில் பெயர்பெற்றது. கட்டித் தீவின் நடுவே குறுக்காக வெட்டுப்பட்ட ஒரு மெல்லிய நரம்புக் கட்டு பழுப்பாகத் தெரிந்தால், குறைந்த உருப்பெருக்கத்தில் அது கட்டி உயிரணு போலவே தோன்றும். பெரிதாக்கிப் பார்த்தால் புள்ளிகள் வரிசையாக, உட்கரு இல்லாத இழைகளில் அமர்ந்திருப்பது புலப்படும். இதே நரம்புகள் ஒரு வகையில் உதவியும் செய்கின்றன: ஸ்லைடில் உள்ள நரம்பு விஐபிக்கு நிறமேற்றிருந்தால் அந்த ஸ்லைடில் சோதனை வேலை செய்திருக்கிறது என்று பொருள், நரம்பே நிறமேற்காவிட்டால் கட்டி எதிர்மறை என்று எழுத உரிமை இல்லை.

அதோடு, சுரப்பியின் இயல்பான நாள உயிரணுக்களிலேயே எபிடெர்மல் வளர்ச்சிக் காரணி என்ற 53 அமினோ அமிலப் பெப்டைடு இருக்கிறது. ஸ்டான்லி கோஹன் இதை எலியின் சப்மாண்டிபுலர் சுரப்பியிலிருந்துதான் பிரித்தெடுத்தார். 1986-இல் ரீட்டா லெவி-மொண்டால்சினியுடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இத்தகைய பெப்டைடு கட்டியிலும் தென்பட்டால், தாய்த் திசுவின் குணம் தொடர்கிறது என்றுதான் கொள்ள வேண்டும். இடம் மாறிய ஹார்மோன் உற்பத்தி என்று அதற்குப் பெயர் சூட்டக்கூடாது.

ஐஎச்சிக்குள்ளும் தேர்வு உண்டு: நியூரோஎண்டோகிரைன் உயிரணுக்களுக்குப் பொதுவான அடையாளப் புரதங்களா, தனித்தனி ஹார்மோன்களா? நியூரோஎண்டோகிரைன் கட்டி என்று நிறுவுவதற்கு சினாப்டோபைசின், குரோமோகிரானின் ஏ, உட்கருவில் நிறமேற்கும் ஐஎன்எஸ்எம்1 ஆகியவை போதும். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடும் இந்த வழியில்தான் செல்கிறது. எடுத்த எடுப்பிலேயே பத்து ஹார்மோன் ஆன்டிபாடிகளை வரிசையாகப் போடுவது, ஆய்வகத்தில் அவை இருக்கின்றன என்பதைத் தவிர வேறெதையும் நிறுவாது. சிறு உயிரணுக் கார்சினோமாவில் சுரப்புத் துகள்கள் குறைவு என்பதால் குரோமோகிரானினே மங்கலாகத்தான் வரும். ஹார்மோன் ஆன்டிபாடிகள் பெரும்பாலும் ஏமாற்றமே தரும். தோலின் மெர்கெல் செல் கார்சினோமாவிலிருந்து இதைப் பிரிக்க சைட்டோகெராட்டின் 20 என்ற புரதமும் முழுமையாக உதவாது, ஏனெனில் உட்கருவை ஒட்டிய புள்ளி போன்ற அதே நிறம் உமிழ்நீர்ச் சுரப்பியின் சிறு உயிரணுக் கார்சினோமாவிலும் பல நேரங்களில் வருகிறது. அங்கே 2008-இல் கண்டறியப்பட்ட மெர்கெல் செல் பாலியோமா வைரஸைத் தேடுவதும், நோயாளியின் தலைத்தோலையும் முகத்தையும் நிதானமாகப் பரிசோதிப்பதும் பெப்டைடுகளைவிட அதிகம் சொல்லும்.

விதிவிலக்கு, தைராய்டின் சில உயிரணுக்கள் சுரக்கும் கால்சிடோனின். கூடு கூடாக அமைந்த நியூரோஎண்டோகிரைன் கட்டி கழுத்திலோ பரோட்டிட்டிலோ கிடைத்தால், அதே உயிரணுக்களில் தோன்றும் தைராய்டின் மெடுல்லரி கார்சினோமா பரவி வந்திருக்குமோ என்று கேட்காமல் அறிக்கை எழுதக் கூடாது. அந்நோய் கழுத்துக் கணுக்களுக்குப் பரவுவது வழக்கம். பரோட்டிட்டுக்குள் வருவது அரிது. கால்சிடோனின் நேர்மறையானாலும் முடிவு அங்கேயே நின்றுவிடாது: குரல்வளையின் நியூரோஎண்டோகிரைன் கட்டிகளிலும் கால்சிடோனின் நேர்மறையாக வரும், சிஇஏ என்ற கட்டி அடையாளப் புரதமும் வரும். டிடிஎஃப்-1 (தைராய்டு, நுரையீரல் உயிரணுக்களின் உட்கருவில் காணப்படும் புரதம்) பரவலாகவும் அழுத்தமாகவும் இருப்பது தைராய்டின் பக்கம் சாய்க்கும். இரத்தத்தில் கால்சிடோனின் உயர்ந்திருப்பது இன்னும் வலுவாகச் சாய்க்கும், ஏனெனில் குரல்வளைக் கட்டிகளில் அது பொதுவாக இயல்பு நிலையிலேயே இருக்கிறது. அடையாளம் காணும் வேலையில் திசுவும் இரத்தமும் ஒன்றையொன்று திருத்திக்கொள்ளும் நல்ல எடுத்துக்காட்டு இது. இந்த ஒரு ஹார்மோனுக்கு இன்னொரு வசதியும் உண்டு. நுண்ணூசியால் கணுவை உறிஞ்சிய பின், ஊசியை ஒரு மில்லி உப்புநீரில் கழுவி அந்த நீரில் கால்சிடோனினை அளக்கலாம். ஊசியில் உயிரணுக்கள் போதுமான அளவு வராதபோதும் இது துப்புக் கொடுக்கும். அளவு மிக அதிகமாக இருந்தால் கருவி தலைகீழாகக் குறைந்த எண்ணைக் காட்டும் கொக்கி விளைவு உண்டு என்பதால், கழுவிய நீரை நீர்த்தும் ஒருமுறை அளக்கச் சொல்வது நல்லது.

இரத்தச் சோதனைக்கு வருவோம். 1959–60-இல் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் இன்சுலினுக்காக உருவாக்கிய, ஆன்டிபாடியையும் கதிரியக்கத்தையும் கொண்டு அளக்கும் ரேடியோ இம்யூனோ அஸே முறைதான் பெப்டைடு ஹார்மோன்களை இரத்தத்தில் அளக்க முடியும் என்று காட்டியது. யாலோவுக்கு நோபல் பரிசு 1977-இல் வந்தபோது பெர்சன் இறந்து ஐந்து ஆண்டுகளாகியிருந்தன. இன்று மருத்துவமனைகளில் பெரும்பாலும் கதிரியக்கம் இல்லாத, ஒளி உமிழும் முறைகளே நடைமுறையில் உள்ளன. நோய்க்குறி இருக்கும் நோயாளிக்கு இதுதான் முதல் சோதனை. திசுவில் ஏசிடிஎச் நிறமேற்றது என்பதால் மட்டும் குஷிங் நோய்க்குறிக்குக் கட்டியே காரணம் என்று யாரும் முடிவுகட்ட முடியாது.

கெட்டுப்போகும் வாய்ப்பு இதில் இரத்தம் எடுக்கும் இடத்திலேயே தொடங்குகிறது. ஏசிடிஎச்-க்கு, இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஈடிடிஏ உள்ள குளிர்ந்த பிளாஸ்டிக் குழாய் வேண்டும்; கண்ணாடியில் அது ஒட்டிக்கொள்ளும். பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுபோய்க் குளிர் மையவிலக்கியில் பிரித்து உறைய வைக்க வேண்டும். கால்சியம் மிகைப்புக்குக் காரணமான பிடிஎச்ஆர்பி பெப்டைடுக்கு, புரதத்தைச் சிதைக்கும் நொதிகளைத் தடுக்கும் பொருள் சேர்த்த குழாய் வேண்டும். வார்டிலிருந்து மாதிரி மதிய உணவுக்குப் பிறகு மற்ற குழாய்களோடு ஆய்வகம் வந்து சேர்ந்தால், ‘இயல்பு நிலை’ என்ற முடிவுக்கு எந்த மதிப்பும் இல்லை. இன்னொன்று: முடி உதிர்வுக்காக அதிக அளவு பயோட்டின் மாத்திரை சாப்பிடும் நோயாளிகள் உண்டு. ஸ்ட்ரெப்டாவிடின்–பயோட்டின் பிணைப்பை நம்பும் கருவிகளில், ஹார்மோனை இரு ஆன்டிபாடிகளால் இருபுறமும் பிடிக்கும் சாண்ட்விச் வகைச் சோதனை அவர்களிடம் பொய்யாகக் குறைந்த எண்ணைக் காட்டும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-இல் இதைப் பற்றி எச்சரித்தது. திசுவில் பொய் நேர்மறை, இரத்தத்தில் பொய்க் குறைவு என்று பயோட்டின் இரண்டு பக்கமும் விளையாடுகிறது.

சாண்ட்விச் சோதனைக்கு உள்ளார்ந்த குறை ஒன்றும் இருக்கிறது. கட்டி உயிரணுக்கள் முன்னோடிப் புரதத்தைச் சரியாக நறுக்குவதில்லை. 39 அமினோ அமில ஏசிடிஎச், பிஓஎம்சி என்ற நீண்ட முன்னோடியிலிருந்து நறுக்கி எடுக்கப்படுவது. இடம் மாறிச் சுரக்கும் கட்டிகளில் நறுக்கப்படாத பிஓஎம்சி கணிசமாக வெளியேறும். எந்த இரு முனைகளை ஆன்டிபாடிகள் பிடிக்கின்றன என்பதைப் பொறுத்து ஒரு கருவி அதை எண்ணும், இன்னொரு கருவி கோட்டைவிடும். இரு ஆய்வகங்களின் எண்கள் பொருந்தாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

திசுவையே அரைத்து அளக்கும் முறை இன்று ஆராய்ச்சிக்கு மட்டும் பொருந்துவது. உறைந்த திசுவை 0.5 மோலார் அசிட்டிக் அமிலத்தில் கொதிக்க வைத்தால் நொதிகள் செயலிழந்து பெப்டைடுகள் தப்பும். பிறகு ரேடியோ இம்யூனோ அஸே ஒரு கிராம் திசுவுக்கு இவ்வளவு என்று எண் தரும். இந்தியாவில் கதிரியக்கப் பொருளைக் கையாள அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும். அயோடின்-125-இன் அரை ஆயுள் சுமார் 60 நாள் என்பதால் கிட்டை வாங்கி வைத்துக்கொண்டு அரிதான கட்டிக்காகக் காத்திருக்கவும் முடியாது. இவற்றைவிடப் பெரிய குறை, எண் வந்தாலும் அது யாருடையது என்று தெரியாமல் போவது. அரைத்த சட்னியில் உப்பு இருக்கிறது என்று சொல்லலாம், எந்தக் கைப்பிடியில் வந்தது என்று சொல்ல முடியாது. நரம்பிலிருந்த விஐபியும் கட்டியிலிருந்த விஐபியும் அப்படித்தான் ஒரே எண்ணாகிவிடுகின்றன. ஆன்டிபாடியின் குறுக்குப் பிணைப்பும் சேர்ந்துகொள்ளும்: கேஸ்ட்ரினும் கோலிசிஸ்டோகைனினும் கடைசி ஐந்து அமினோ அமிலங்களில் ஒன்றே என்பதால், அந்த முனையைப் பிடிக்கும் ஆன்டிபாடி இரண்டையும் கேஸ்ட்ரின் என்றே எண்ணும். மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும். மூலக்கூறின் நிறையைக் கொண்டு எந்தப் பெப்டைடு, எவ்வளவு நறுக்கப்பட்டது என்று சொல்லும். அதற்கும் உறைந்த திசுவே ஏற்றது, பார்மலின் பிணைத்துப்போட்ட திசுவில் அது தடுமாறும்.

தயாரிக்கிறதா என்ற கேள்விக்கு விடை தருவது, மரபணுவின் செய்திப் பிரதியான எம்ஆர்என்ஏ-வைத் தேடும் முறைகள். இவற்றில் எம்ஆர்என்ஏ-வைப் பலமடங்கு பெருக்கிக் காணும் ஆர்டி–பிசிஆர், அரைத்த திசுவின் அதே குறையைச் சுமப்பதோடு, எந்த உயிரணுவிலும் எந்த மரபணுவும் மிகச் சிறிய அளவில் கசியும் என்பதையும் பெரிதாக்கிக் காட்டிவிடும். நோயறிதலுக்காகப் பெப்டைடு ஹார்மோனைத் தேடும்போது அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எம்ஆர்என்ஏ-வை அது திசுவில் இருக்கும் இடத்திலேயே காட்டும் இன்-சிட்டு ஹைப்ரிடைசேஷன் வேறு வகை. 1969-இல் ஜோசப் காலும் மேரி லூ பார்ட்யூவும் தொடங்கிவைத்த இந்த முறையின் இன்றைய வடிவம், 2012-இல் வெளியான ஆர்என்ஏஸ்கோப் போன்றவை, பாரஃபின் சீவலிலேயே ஒவ்வொரு எம்ஆர்என்ஏ மூலக்கூறையும் புள்ளியாகக் காட்டக்கூடியவை. நரம்பிழையில் பெப்டைடு இருக்கும், ஆனால் அதன் எம்ஆர்என்ஏ பெரும்பாலும் தொலைவில் உள்ள நரம்பணு உடலில்தான் இருக்கும். ஆகவே ஐஎச்சியில் நம்மை ஏமாற்றிய நரம்பு இங்கே நிறமேற்காது. சுரந்தவுடன் வெளியேற்றிவிட்டுச் சேமிப்பில் எதையும் வைக்காத கட்டி, இரத்தத்தில் ஹார்மோன் உயர்ந்திருந்தும் ஐஎச்சியில் வெறுமையாக வரும் முரணையும் இது தீர்த்துவைக்கும். எம்ஆர்என்ஏ-வில் போய் ஒட்டும் ஆய்வுத் துண்டைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும்: 32 அமினோ அமிலக் கால்சிடோனினும் 37 அமினோ அமிலச் சிஜிஆர்பி-யும் ஒரே மரபணுவின் எம்ஆர்என்ஏ இருவிதமாகத் தைக்கப்படுவதால் வருபவை. இரண்டுக்கும் பொதுவான எக்ஸான்களை (எம்ஆர்என்ஏ-வில் இடம்பெறும் மரபணுப் பகுதிகளை) குறிவைத்த துண்டு இரண்டையும் பிரிக்காது. நான்காம் எக்ஸானைக் குறிவைத்தால்தான் கால்சிடோனின் என்று சொல்ல முடியும். ஆர்என்ஏ பார்மலினில் நெடுநாள் ஊறினாலும், பிளாக் பழசானாலும் சிதையும். செயல்படும் பொது மரபணு ஒன்றை உடன் சோதித்துத் திசு நன்றாக இருக்கிறது என்று நிறுவாமல் எதிர்மறை முடிவை ஏற்கலாகாது. செலவும் ஐஎச்சியைவிட அதிகம். ஆகவே முரண்பாடு எழுந்த இடத்தில் மட்டும் இதை அழைப்பதே சரி.

இந்த ஒப்பீட்டை நடைமுறையில் வைத்துப் பார்த்தால் வரிசை இப்படி அமைகிறது. நோய்க்குறி எதுவும் இல்லாத, நியூரோஎண்டோகிரைன் ஐயம் மட்டும் உள்ள கட்டிக்குப் பொது அடையாளங்கள், அவை நேர்மறையானால் கால்சிடோனினும் டிடிஎஃப்-1-உம், கால்சிடோனின் நேர்மறையானால் உடனே இரத்தக் கால்சிடோனின். வேறு பெப்டைடுகளை இங்கே தேட வேண்டியதில்லை. நோய்க்குறி உள்ளவருக்கு அறுவைக்கு முன்னரே, அந்த நோய்க்குறி சுட்டும் ஒரே ஹார்மோனுக்கான இரத்தச் சோதனை; அறுவையின்போது கட்டியின் ஒரு சிறு துண்டைத் திரவ நைட்ரஜனில் உறைய வைக்க வசதியிருந்தால் வைத்துக்கொள்வது; பிறகு அதே ஹார்மோனுக்கு மட்டும் ஐஎச்சி; அறுவைக்குப்பின் மறுபடி இரத்தம். கட்டியை எடுத்த பிறகு ஹார்மோன் சரிந்து நோய்க்குறியும் தணிந்தால், ஸ்லைடில் பழுப்பு மங்கலாக இருந்தாலும் கட்டியே மூலம் என்பதில் எனக்கு ஐயம் இருக்காது. இரத்தம் உயர்ந்து ஐஎச்சி வெறுமையாகி, அறுவைக்குப்பின்னும் அளவு குறையாமல் நின்றால் மட்டும் இன்-சிட்டு ஹைப்ரிடைசேஷன். அதுவும் எதிர்மறை என்றால் மூலம் வேறிடத்தில் இருக்கிறது என்று நுரையீரலையும் கணையத்தையும் தேடத் தொடங்க வேண்டும்.

ஐஎச்சிக்கான கன்ட்ரோல் திசுக்களும் இந்த வரிசைக்கு ஏற்பவே ஆய்வகத்தில் இருக்க வேண்டும்: ஏசிடிஎச்-க்குப் பிட்யூட்டரி, கால்சிடோனினுக்கு ஏற்கெனவே உறுதிசெய்த மெடுல்லரி கார்சினோமா. எதிர்பாராத நேர்மறை வரும்போது ஆன்டிபாடியை அந்தப் பெப்டைடோடு முன்கூட்டியே கலந்து ஊறவைத்து, நிறம் மறைகிறதா என்று பார்ப்பது பழைய வழக்கம். பலரும் அதைக் கைவிட்டுவிட்டார்கள் என்பது வருத்தம். அரிதான ஒரு முடிவை அறிக்கையில் எழுதும்போது ஆன்டிபாடியின் குளோன், நீர்ப்பு, மீட்டெடுத்த கரைசலின் பிஎச், கன்ட்ரோலின் முடிவு ஆகியவற்றைச் சேர்த்து எழுதினால்தான் இன்னொரு ஆய்வகம் அதைச் சரிபார்க்க முடியும்.

கட்டி முழுதாக வராமல், தடித்த ஊசியால் எடுத்த நூல் போன்ற திசு மட்டும் கையில் இருந்தால் கணக்கு இன்னும் இறுக்கமாகிறது. பிளாக்கை ஒவ்வொரு முறை கருவியில் மறுபடி பொருத்தும்போதும் மேற்பரப்பைச் சமன்செய்யவே கொஞ்சம் திசு சீவி வீணாகிறது. ஆகவே முதல் முறை சீவும்போதே பூசிய ஸ்லைடுகளில் பத்துச் சீவல்களை நிறமூட்டாமல் எடுத்துவைக்கச் சொல்லிவிட்டு, சினாப்டோபைசினுக்கும் ஐஎன்எஸ்எம்1-க்கும் இரண்டு, கால்சிடோனினுக்கும் டிடிஎஃப்-1-க்கும் இரண்டு, முதன்மை ஆன்டிபாடி இல்லாத கன்ட்ரோலுக்கு ஒன்று என்று பிரித்து, மீதியைக் குளிரில் வைத்து, சில வாரங்களுக்குள் பயன்படுத்திவிட வேண்டும். சீவிய திசுவில் ஆன்டிஜென் நாளாக நாளாக மங்கிவிடும்.